ட்ரெக்கிங் கிளப்ல அப்படி என்னத்த கத்துக்க முடியும்னு கேக்கறவங்களுக்கு

ட்ரெக்கிங் கிளப்னாலே லீவு நாள்ல மலை ஏறி போட்டோ புடிச்சுட்டு வர்ற கூட்டம்னு ஒரு நினைப்பு இருக்கு, அதுல பாதி உண்மைதான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் வேலையை பிரிச்சு செய்யற ஒரு நல்ல கிளப்ல கிடைக்கிற படிப்பு இருக்கே, அது காலேஜ்லயும் கிடைக்கல, ஆபீஸ்லயும் கிடைக்கல, காசு கட்டி போற பேக்கேஜ் ட்ரெக்ல கிடைக்கவே கிடைக்காது. ரெண்டு பேரும் ஏறுறது ஒரே மலைதான், சாப்ட்ட பிறகு பாத்திரம் கழுவறது யாருங்கறதுல இருக்கு வித்தியாசம்.

இதை சொன்னா உடனே 'அப்ப கவர்மெண்ட் ட்ரெக் வேஸ்ட்டா'ன்னு கமெண்ட் வரும், அதனால முதல்லயே சொல்லிடறேன், வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தை நான் குறையே சொல்லல. 2018 மார்ச் 11, குரங்கணி தீ யாருக்கும் மறந்திருக்காது. கொழுக்குமலையில இருந்து இறங்கி வந்தவங்க காஞ்ச புல்லுக்கு நடுவுல மாட்டி 20 பேருக்கு மேல உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்குன்னு தனியா விதிமுறை கொண்டு வந்தாங்க, 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆன்லைன் புக்கிங்கும் வந்துச்சு, மலையடிவார கிராமத்து இளைஞர்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து கைடா வெச்சிருக்காங்க, அவங்களுக்கு வருமானம், நமக்கு பாதுகாப்பு, ரொம்ப சரி. முதல் தடவை மலை ஏறுறவங்க அதுலயே போங்கன்னு நானே சொல்வேன். ஆனா அங்க நீங்க விருந்தாளி. வழி கைடுக்கு தெரியும், நீங்க அவர் முதுகை பாத்து நடந்தா போதும், சாயங்காலம் பஸ் ஏறும்போது எந்தப் பக்கம் ஏறினோம் எந்தப் பக்கம் இறங்கினோம்னு கேட்டா சொல்லத் தெரியாது.

நான் போற கிளப் (பேர் வேணாம், விளம்பரம் ஆயிடும்) பழைய ஸ்டைல் கிளப். வாலன்டியர்கள்தான் நடத்தறாங்க, ஆன செலவை கடைசியில எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஒவ்வொரு ட்ரிப்பும் கிளம்பறதுக்கு முன்னாடி வேலை பிரிச்சுடுவாங்க, முன்னாடி வழி காட்டி நடக்கற லீட் ஒருத்தர், ஸ்வீப் ஒருத்தர், மருந்துப் பை, சமையல், கணக்குன்னு. புதுசா வந்தவங்களுக்கும் வேலை உண்டு. எனக்கு ஆரம்பத்துலயே ஸ்வீப் வேலை வந்துச்சு, நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, கணக்கு குடுப்பாங்கன்னு நினைச்சுட்டு போனேன்.

ஸ்வீப்னா கடைசியா வர்ற ஆளு. உங்களுக்கு பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலைன்னு தோணும். ஆனா முன்னாடி போறவங்க எல்லாரையும் பாத்துக்கிட்டே நடக்கறது ஒரு தனி வித்தை. வழி ரெண்டா பிரியற இடத்துல எல்லாம் லீட் நின்னு ஸ்வீப் கண்ணுல படற வரைக்கும் நகரக் கூடாது, வேகம் குறைஞ்சவங்களை பின்னாடி தள்ளாம முன்னாடி விடணும், அப்பதான் கூட்டம் அவங்க வேகத்துக்கு வரும், பின்னாடி விட்டா அவங்க மூச்சு வாங்கிட்டு வந்து சேர்ற நேரத்துக்கு முன்னாடி இருக்கறவங்க ரெஸ்ட் எடுத்து முடிச்சு கிளம்பிடுவாங்க, அவங்களுக்கு ரெஸ்டே இருக்காது. அப்புறம் காலையில இருந்து வாய் ஓயாம பேசிட்டு வந்த பையன் திடீர்னு அமைதியாயிட்டான்னா அதை கவனிக்கணும். கால் தடுமாறுது, தலை வலிக்குதுங்கறான், குமட்டுதுங்கறான்னா உடனே நிழல்ல உக்கார வெச்சு பையை இறக்கி, தண்ணி தெளிச்சு விசிறி, ஓஆர்எஸ் குடுக்கணும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளக்கணும், உப்பு கூடிடக் கூடாது. பேச்சு குழறுதுன்னா அப்புறம் வேடிக்கை பாக்கவே கூடாது, உடம்பை நனைச்சு குளிர வெச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். இதை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஒரு தடவை கூட மண்டையில நிக்கல, ஸ்வீப்பா நடந்தப்புறம்தான் நின்னுச்சு.

மேப் படிக்கறது இன்னொரு பெரிய விஷயம். எங்க லீட் ஒருத்தர், ரயில்வேல இருந்து ரிடயர்ட் ஆனவர், எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். ஆந்திராவுல இருக்கற நாகலாபுரம் மலையில ஒரு பாறை மேல எல்லாரையும் உக்கார வெச்சு, சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட்டை (மேடு, பள்ளம், ஆறு எல்லாம் காட்டற கவர்மெண்ட் மேப்) விரிச்சு நாலு மூலையிலயும் கல்லை வெச்சுட்டு, "போனை உள்ள வைங்க, இப்ப நாம எங்க இருக்கோம், ஆளுக்கொரு விரல் வைங்க"ன்னார். வெச்சோம். பக்கத்து பள்ளத்தாக்குல ஒருத்தர் விரல், தெலுங்கு கிராமம் ஒண்ணுல இன்னொருத்தர் விரல், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கல. காம்பஸை வெச்சு முதல்ல மேப்பை வடக்குக்கு திருப்பினார், பாதி குழப்பம் அங்கயே தீர்ந்துச்சு. அப்புறம் கண்ணுக்கு தெரியற ரெண்டு உச்சியை காட்டி, ஒவ்வொண்ணுக்கும் காம்பஸ்ல கோணம் பாத்து மேப்ல அங்கிருந்து கோடு இழுக்க சொன்னார், ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம்தான் நாம உக்காந்திருக்கிற பாறை.

கான்டூர் கோடுங்கறது மேப்ல ஒரே உயரத்துல இருக்கற இடங்களை சேக்கற கோடு, தோசை ஊத்தும்போது கரண்டி சுத்தின வட்டம் தெரியுமில்ல, பாக்க அப்படித்தான் இருக்கும். 1:50,000 ஷீட்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 500 மீட்டர், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவா 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுங்க நெருங்கி இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சமம். கோடு 'வி' மாதிரி வளைஞ்சு அதோட முனை மேட்டைப் பாத்து இருந்தா அது ஓடை, பள்ளத்தைப் பாத்து இருந்தா அது மலையோட முதுகு. இது புரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சிஏ இன்டர் பாஸ் பண்ணப்ப கூட வரல, சத்தியமா. போன் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வீட்லயே ஆஃப்லைன் மேப் இறக்கிட்டு ஃப்ளைட் மோட்ல போட்டா சார்ஜும் நிக்கும், இதையும் கிளப்லதான் கத்துக்கிட்டேன். ஆனா அந்த போன் பாறையில விழுந்து உடையவும் செய்யும்.

நேரக் கணக்கும் இதோட வர்றதுதான். நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892லயே போட்டு வெச்ச கணக்கு, சமதரையில மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட சேத்துக்கணும். 8 கிலோமீட்டர் தூரம் 600 மீட்டர் ஏத்தம்னா கணக்குப்படி ரெண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. அந்த ஊர் குளிருக்கு அது சரி, நம்ம வெயிலுக்கும் கூட்டத்துக்கும் நாலு மணி நேரம்னு வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம். அதுல இருந்து பின்னோக்கி கணக்கு போட்டு, மத்தியானம் ரெண்டு மணி ஆச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பணும்னு கிளம்பும்போதே முடிவு பண்ணிடுவாங்க, உச்சி கண்ணு முன்னாடி தெரிஞ்சாலும் சரி. இதுக்கு நடக்கற சண்டை இருக்கே, "இன்னும் அரை மணி நேரம்தான்ணா, ப்ளீஸ்ணா"ன்னு கெஞ்சுவாங்க, அண்ணன் பையை மாட்டிட்டு இறங்க ஆரம்பிச்சுடுவார். எங்க ஆபீஸ்ல ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போய் பலூன் உடைக்க வெச்சு லீடர்ஷிப் ட்ரெய்னிங்ங்கறாங்க, அந்த ஹெச்ஆர் மேடம் ஒரு தடவை இந்த சண்டையை வந்து பாக்கணும்.

முடிச்சு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தார்ப்பாய் கட்ட, துணி காயப்போட கொடி கட்ட, ஆளை இழுக்கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு, நாலஞ்சு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் போதும். கயிறை விண்ணுன்னு இழுத்து நிறுத்தற முடிச்சுக்கு இங்கிலீஷ்ல ட்ரக்கர்ஸ் ஹிட்ச்னு பெரிய பேர், யூட்யூப்ல வெள்ளைக்காரர் பத்து நிமிஷம் விளக்குவார், கோயம்பேட்டுல லோடு கட்டற அண்ணனுங்க அதை பேசிக்கிட்டே ரெண்டு செகண்டுல போட்டுட்டு போயிடறாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். மலையில கத்துக்கிட்டது மலையில மட்டும் உதவினா அது ஹாபி. எங்க சித்தி வந்தவாசி பக்கம் கிராமம், மாட்டுக்கு புல்லு அறுக்கப் போன இடத்துல கால்ல பாம்பு கடிச்சிருச்சு, நான் அன்னைக்கு அங்க இருந்தேன். ஆளாளுக்கு ஓடி வந்தாங்க, ஒருத்தர் துண்டால முழங்காலுக்கு கீழ இறுக்கி கட்டப் போறார், இன்னொருத்தர் பிளேடு எடுத்துட்டு வர்றார், ரெண்டு பசங்க கம்பு எடுத்துட்டு பாம்பை தேடி போறானுங்க. எல்லாத்தையும் நிறுத்த சொன்னேன். இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு காலே போற அபாயம் இருக்கு, கீறினா ரத்தம் நிக்காது, உறிஞ்சறதெல்லாம் சினிமா. பாம்பை தேடவும் வேணாம், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் இங்க குடுக்கறது ஒரே விஷமுறிவு ஊசிதான், தேடப் போய் இன்னொருத்தர் கடி வாங்கினதுதான் மிச்சமாகும். சித்தியை நடக்க விடாம படுக்க வெச்சு, காலுக்கு ஒரு ரீப்பர் கட்டையை வெச்சு ஆடாம துண்டால லூசா கட்டினோம், விரல் நுழையற அளவுக்கு.

அப்புறம் கொலுசையும் மெட்டியையும் கழட்டணும்னேன், அங்கதான் வந்துச்சு பிரச்னை. சித்தியோட மாமியார், "புருஷன் உசுரோட இருக்கும்போது மெட்டிய கழட்டுவியாடி"ன்னு ஒரே சத்தம். ஆயா, கால் வீங்கினா மெட்டி விரலை அறுத்துரும், அப்புறம் ஆஸ்பத்திரியில கட்டர் வெச்சு வெட்டித்தான் எடுக்கணும்னு சொல்லியும் கேக்கல. கடைசியில சித்தியே கையை நீட்டி, கழட்டுடின்னுச்சு. 108 வந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போய் சேர்றதுக்குள்ள பாதம் பொதபொதன்னு வீங்கிடுச்சு, ஊசி போட்டாங்க, பொழச்சுக்கிச்சு, இப்ப மறுபடி புல்லு அறுக்குது, ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்தேன், போட மாட்டேங்குது. அன்னைக்கு எனக்கு கை நடுங்காததுக்கு காரணம் தைரியம் இல்ல, மழைக்காலத்துல ட்ரெக் இல்லாத ஞாயித்துக்கிழமைகள்ல எங்க மருந்துப் பை அக்கா, அவங்க நர்ஸ், எங்களை தரையில படுக்க வெச்சு இதையே திரும்ப திரும்ப செய்ய வெச்சாங்க. போர் அடிக்குதுன்னு நாங்க முனகினதெல்லாம் உண்டு.

தண்ணியும் அப்படித்தான். சென்னையை சுத்தி இருக்கற அருவி, குட்டையில எல்லாம் பசங்க மூழ்கற செய்தி வருஷா வருஷம் வருது. முழுகறவன் சினிமால காட்டற மாதிரி கை காலை ஆட்டி கத்த மாட்டான், சத்தமே இல்லாம போயிடுவான், அதனால குளிக்கற இடத்துல ஒருத்தர் கரையிலயே உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கணும், எங்க கிளப்ல அது கட்டாயம். யாராவது மாட்டிக்கிட்டா கம்பு நீட்டு, கயிறு வீசு, மூடி போட்ட காலி கேன் வீசு, ட்ரெய்னிங் இல்லாதவன் குதிக்கவே கூடாது. குதிச்சு ரெண்டு பேரா போனதுதான் அதிகம்.

பொண்ணுங்களுக்கு இன்னும் ஒண்ணு, யாரும் எழுத மாட்டேங்கறாங்க, நான் எழுதறேன். வீட்ல அம்மாவுக்கு இருந்த முதல் கேள்வி 'பாத்ரூமுக்கு என்ன பண்ணுவ'. நியாயமான கேள்வி. தண்ணியில இருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய் களைக்கொத்தால ஒரு சாண் ஆழத்துக்கு குழி வெட்டி, முடிஞ்சதும் மண்ணை தள்ளி மூடணும், நாப்கினை மட்டும் புதைக்காம ஜிப் கவர்ல போட்டு திரும்ப கொண்டு வந்துடணும். இதை முதல்ல எனக்கு ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்தா, என்னை விட பத்து வயசு சின்னவ. அன்னைக்கு வரைக்கும் வெளியூர் போனா தண்ணி குடிக்காம அடக்கிட்டு இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷன் வாங்கிட்டு வந்த ஆளு நான், இந்த ஒரு பழக்கத்துக்காகவே கிளப்ல குடுத்த பங்குப் பணம் தகும்.

எல்லா கிளப்பும் இப்படி இல்லைங்கறதும் எனக்கு தெரியும். லீட் முன்னாடி ஓடிட்டே இருப்பார், பின்னாடி வர்றவங்க பாடு அவங்க பாடு, இன்ஸ்டா ரீல்ஸ்தான் முதல் வேலைங்கற குரூப்பும் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க, போன ட்ரிப்ல ஸ்வீப் யாரு, மருந்துப் பையில என்ன இருக்கு. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க. அனுமதி இல்லாத காட்டுக்குள்ள 'நமக்கு ஆள் தெரியும்'னு கூட்டிட்டு போறவங்களா இருந்தா யோசிக்கவே வேணாம், ஓடி வந்துடுங்க.

எனக்கு உள்ள பெரிய வருத்தம் வேற. நல்ல கிளப்லயும் யார் வர்றாங்க பாருங்க, முக்காவாசி ஓஎம்ஆர் ஐடி ஆளுங்க, மிச்சம் என்னை மாதிரி நாலஞ்சு பேர். வாட்ஸ்அப்ல அறிவிப்பு முழுக்க இங்கிலீஷ், எடுத்து வர வேண்டிய லிஸ்ட்ல ஷூ, ட்ரெக்கிங் போல், ஹெட்லாம்ப்னு பாத்தாலே எங்க தெரு பசங்க பயந்துடுவாங்க. என்சிசில இருக்கற சில பசங்களுக்கு கேம்ப்ல கொஞ்சம் கிடைக்குது, ஸ்கவுட்ல கொஞ்சம், மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கிணத்துல, ஏரியில, வயல்ல இந்த வித்தையெல்லாம் நிஜமா தேவைப்படறது அவங்களுக்குத்தான், எங்க சித்தி மாதிரி வீட்டு பசங்களுக்குத்தான். எங்க கிளப்ல இதைப் பேசினா "வந்தா சேத்துப்போம், யாரு வேணாம்னா"ங்கறாங்க. வர்ற மாதிரி கூப்பிடறோமா? அடுத்த ட்ரிப் அறிவிப்பை தமிழ்லயும் போடுங்க, ஷூ இல்லாட்டி ஸ்ட்ராப் வெச்ச செருப்போட சின்ன மலைக்கு வரலாம்னு ஒரு வரி சேருங்க, மாநகராட்சி ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒரு காப்பி ஒட்டுங்க, ஒட்டற வேலையை நான் எடுத்துக்கறேன், பசை கூட நானே வாங்கிக்கறேன், அந்த செலவை பங்கு கணக்குல சேக்க மாட்டேன்.