ஒளிவேகத்தில் மோதவிடவில்லை
செயற்கைத் தனிமமான நிஹோனியம் (அணு எண் 113) பற்றி "கருக்களை ஒளிவேகத்துக்கு அருகில் மோதவிட்டு, நிறமாலையில் (ஒளியைப் பிரித்து) பார்த்து உறுதி செய்தார்கள்" என்று சொல்வதில் இரண்டு பாதியும் தவறு.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் பிஸ்மத் இலக்கின் மீது மோதவிட்ட துத்தநாகம்-70 கருக்களின் கற்றையின் வேகம் ஒளிவேகத்தில் சுமார் 10% மட்டுமே. இரு கருக்களின் மின்விலக்கத்தைத் தாண்ட அது போதும். அதற்கு மேல் கூட்டினால் இணைந்த கரு சூடேறிப் பிளந்துவிடும். சரியான வேகத்திலேயே பெரும்பாலானவை பிளக்கின்றன. அரிதாக ஒன்று ஒரே நியூட்ரானை உமிழ்ந்து நிஹோனியம்-278 ஆகத் தங்கும். இலக்கான பிஸ்மத் 271 டிகிரி செல்சியஸிலேயே உருகும் என்பதால், கற்றையின் சூடு ஒரே இடத்தில் தேங்காதபடி அதைச் சுழலும் சக்கரத்தில் பொருத்துவார்கள்.

நிறமாலை எடுக்க அணுக்கள் எங்கே? 2004, 2005, 2012 என மொத்தம் மூன்றுதான், ஆயுளோ மில்லிநொடிக் கணக்கு! ஹீலியம் நிரப்பிய காந்தப் பிரிப்பான் கற்றையை விலக்க, புதிய கரு சிலிக்கான் உணரியில் புதையும். அது சிதையும்போது அதே புள்ளியில் அடுத்தடுத்து வரும் ஆல்ஃபா துகள்களின் (ஹீலியம் கருக்களின்) ஆற்றலும் இடைவெளியுமே அடையாளம். முதல் இரண்டு அணுக்களின் சிதைவுச் சங்கிலிகள் நான்கு ஆல்ஃபாவுக்குப் பின் டுப்னியம்-262இல் பிளந்து முடிந்தன. மூன்றாவது ஆறு ஆல்ஃபாவுடன் மெண்டலீவியம்-254 வரை இறங்கியது.