சொல்லாமல் விட்டதற்கு என்ன பெயர்?

"நான் பொய் சொல்லலையே, சொல்லாம விட்டேன், அவ்வளவுதானே?" விசுவாசிகளான கிறிஸ்தவக் குடும்பங்களில் அதிகம் புழங்கும் வசனம் இதுதான். வேதத்தில்தான் இப்படி ஒரு வசனம் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நண்பனுக்குக் கடன் கொடுத்ததை மனைவியிடம் மறைத்தேன். ஆறு மாதம் கழித்து, வேறு எதற்கோ என் போனை எடுத்தவள் கண்ணில் வங்கிக் குறுஞ்செய்தி பட்டுவிட்டது. சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பணம் போனா போகட்டும். ஆறு மாசமா ராத்திரி என் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணீங்களே, அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

பொய்யைப் பற்றிப் பிரசங்கம் என்றால், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த தம்பதி அனனியாவும் சப்பீராளும் தவறாமல் வருவார்கள். எனக்கென்னவோ யாக்கோபின் பிள்ளைகள்தான் நமக்கு நெருங்கின சொந்தமாகத் தெரிகிறார்கள். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 37-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தம்பி யோசேப்பை அண்ணன்மார் விற்றாயிற்று. வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கி அப்பாவின் கைக்கு வருகிறது. "கண்டெடுத்தோம், உம்முடைய குமாரன் அங்கியா, இல்லையா, பாரும்" என்கிறார்கள். துஷ்டமிருகம் பட்சித்தது என்று சொல்வதாகத்தான் முதலில் திட்டம். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வார்த்தையை அப்பாவே சொல்லிக்கொண்டு அழுதார். பிள்ளைகள் செய்ததெல்லாம், திருத்தாமல் விட்டது. போதாததற்கு, கூடவே உட்கார்ந்து ஆறுதலும் சொன்னார்கள்!

(ஆட்டுத்தோலைக் கையில் போர்த்திக்கொண்டு கண் மங்கின தகப்பனை ஏமாற்றியவர்தான் இந்த யாக்கோபு. அந்த ஆடு சுற்றிச் சுற்றி அவர் வீட்டுக்கே வந்தது.)

விற்கப்பட்டபோது யோசேப்புக்கு 17 வயது. எகிப்து ராஜா பார்வோன் முன் நிற்கும்போது 30; அதுவே 13 வருஷம். செழிப்பான 7 வருஷம், பஞ்சத்தில் 2 வருஷம். கூட்டினால் 22 வருஷம். அவ்வளவு காலம் ஒரே கூடாரத்து வாழ்க்கை, ஒரே தகப்பன், அவர் கண்ணீரும் கண்ணெதிரே. யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில், பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போய், அங்கே அதிபதியாயிருந்த யோசேப்பைக் கண்டு திரும்பிய அதே பிள்ளைகள், "யோசேப்பு உயிரோடிருக்கிறான்" என்று வந்து சொல்கிறார்கள். முழு உண்மை. யாக்கோபு நம்பவில்லை, ஆதியாகமம் 45:26 அப்படியே சொல்கிறது. மறைத்தவன் கட்டுகிற வட்டி இது. உண்மையைச் சொல்லும் நாளில் அவன் வாய்க்கு மதிப்பிருக்காது. யோசேப்பு அனுப்பின வண்டிகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிழவருக்கு உயிர் வந்தது.

அதனால்தான், "மன்னிச்சாச்சுல்ல, இன்னும் ஏன் சந்தேகப்படுற?" என்று வீட்டிலும் சபையிலும் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மன்னிப்பை ஜெபத்தில் கொடுத்துவிடலாம். நம்பிக்கை அப்படி வராது. அண்ணன்மாரைப் பார்த்துத் தனியே போய் அழுத யோசேப்பே, கடைசித் தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, திருட்டுப் பழி போட்டுச் சோதித்துப் பார்த்தான். யோசேப்பை விற்கலாம் என்று அன்று யோசனை சொன்ன அண்ணன் யூதா, "இவனுக்குப் பதில் நான் அடிமையாயிருக்கிறேன்" என்று முன்னால் வந்த பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான். அந்தச் சோதனையை வன்மம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மனைவி அன்றைக்கே மன்னித்துவிட்டாள். ஆனாலும் மாதம் ஒருமுறை என் வங்கிக் கணக்கைப் பார்ப்பாள். முதல் சில மாதம் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது அவள் கேட்பதற்கு முன்னால் நானே திறந்து போனை நீட்டிவிடுகிறேன். போன மாதம் வாங்கி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். இந்த மாதம் மறுபடி பார்த்தாள்.