பழைய ஐந்து நட்சத்திர ஏசி இன்றைய கணக்கில் ஐந்து நட்சத்திரம் அல்ல

"ஆபீஸைப் புதுப்பிக்கும்போது பழைய ஏசிகள் ஐந்து நட்சத்திரமாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், புதிய ஐந்து நட்சத்திரமும் அதே மின்சாரத்தைத்தான் எடுக்கும்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சரியில்லைங்க.

பிஇஇ எனும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறது. ஸ்பிளிட் ஏசிக்கு 2018 முதல் ஐஎஸ்இஇஆர் (எடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்று காட்டும் எண், கூடினால் நல்லது) 4.50 இருந்தாலே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் அது 5.00 ஆக உயர்ந்தது. ஆக, 2019-ல் 4.6 மதிப்போடு வாங்கிய ஏசி 2022 அளவுகோலில் நான்கு நட்சத்திரம்தான். அதற்கும் பழையது இன்னும் கீழே போகலாம்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்டோர் யூனிட்டின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் (பல ஆபீஸ்களில் வெளுத்துப் போயிருக்கும், டார்ச் அடித்துப் படியுங்கள்) நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஐஎஸ்இஇஆர் எண்ணையும் லேபிள் செல்லுபடியாகும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க நினைக்கும் மாடலின் எண்ணை பிஇஇ தளத்தில் தேடி, அதே டன் அளவில் ஒப்பிடுங்கள். லேபிளில் உள்ள வருட யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. தினம் 10 மணி நேரம், வருடம் 250 நாள் ஓடும் ஆபீஸில் 2,500 மணி நேரம் ஆகிவிடும், அதனால் வித்தியாசமும் கூடும்.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், சேர்ந்து தேடிப் பார்ப்போம்.