சுக்கானை மறந்துவிட்டீர்களே!

லிஸ்பனிலிருந்து போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வே வரை பாய்மரப் படகில் போன தம்பதியைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கதை அருமை. ஆனால் ஓர்கா எனும் கொலைகாரத் திமிங்கிலங்களைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். 2020 முதல் ஜிப்ரால்டர் பக்கமும் போர்ச்சுகல் கரையோரமும் அவை வந்து படகுகளைத் திருப்பும் சுக்கானை முட்டி உடைக்கின்றன. சில படகுகள் மூழ்கியே போயின. எதிர்ப்பட்டால் நிற்காமல், ஆழம் குறைந்த கரைப்பக்கம் போகச் சொல்கிறார்கள். சரி, கரையை ஒட்டிப் போனால்? ஆக்டோபஸ் பிடிக்கும் பொறிகளின் கயிறு அங்கே காத்திருக்கும். மேலே ஒரு சின்ன மிதவைதான் அடையாளம். இருட்டில் எங்கே தெரியப்போகிறது! புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் கத்தியோடு ஒருவர் தண்ணீரில் குதிக்க வேண்டியதுதான். அப்புறம், கோடையில் அங்கே வடகாற்று ஓயாது. தெற்கே போவது சுகம்; வடக்கே திரும்பினால் அதே காற்று எதிரே நிற்கும். அதே வழியில் திரும்புவார்களாமே, அந்தக் கதையையும் எழுதச் சொல்லுங்கள்.