விபூதி பூசிய ராஜா

(ஓய்வுபெற்ற தபால்காரர் சண்முகம், பூதக்கண்ணாடியும் பழைய காசுகளுமாகத் திண்ணையில் இருக்கிறார். பக்கத்து வீட்டு கௌரி முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி வருகிறாள்.)

கௌரி: அண்ணே, பாட்டி பெட்டியில் ரெண்டு வெள்ளி ரூபாய் கிடைத்தது. என்ன விலை போகும்?

சண்முகம்: கொடு... ஐயையோ, என்னம்மா இது, குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது?

கௌரி: பின்னே? கன்னங்கரேலென்று கிடந்தது. விபூதி போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். அடுத்ததற்குள் விபூதி தீர்ந்துவிட்டது. அதை நாளைக்குத் தேய்க்கிறேன்.

சண்முகம்: தொடாதே!

கௌரி: ஏன், சாமி பிரசாதம்தானே?

சண்முகம்: நெற்றிக்குப் பிரசாதம், வெள்ளிக்கு அரம். வெயிலில் சாய்த்துப் பார். முடி முடியாகக் கோடு தெரிகிறதா?

கௌரி: அந்தக் கண்ணாடியில் பார்த்தால் என் மூஞ்சியில்கூடத்தான் தெரியும்.

சண்முகம்: உன் மூஞ்சிக்கு யாரும் மார்க் போடுவதில்லை. காசுக்கு ஷெல்டன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 70. புழக்கத்துக்கே போகாத காசென்றால் 60இல் ஆரம்பம்.

கௌரி: நம் காசுக்கு?

சண்முகம்: மார்க்கே கிடையாது. காசுக்குத் தரம் பார்க்கும் கம்பெனிக்காரர்கள் 'தேய்க்கப்பட்டது' என்று எழுதிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள்.

கௌரி: குளித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவனை ஃபெயிலாக்குவார்களா? என்ன நியாயம்!

சண்முகம்: புதுக் காசைச் சாய்த்தால் வெளிச்சம் வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றி ஓடும். அச்சு அழுத்தும்போது வெள்ளி நசுங்கி ஓடிய நுண்ணிய கோடுகளால் வருவது அது. அதைத்தான் நீ வழித்தெடுத்துவிட்டாய்.

கௌரி: என்மேல் பழி போடாதீர்கள். ராஜா கன்னத்தில் முன்னாடியே ஒரு வெட்டு இருந்தது.

சண்முகம்: அது நாணயச்சாலைச் சாக்கில் மற்ற காசோடு மோதிய வடு. அதைப் பொறுத்துக்கொள்வார்கள். பின்பக்கப் பூவேலைக்குள் இருந்தால் கண்ணுக்கே படாது. கன்னத்தில் என்றால் கொஞ்சம் மார்க் குறையும்.

கௌரி: பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றார்கள், போங்கள்! வெட்டு போகட்டும். சட்டையில் பன்றி மாதிரி ஒரு அழுக்கு ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதற்கென்றே தனியாக ஒரு பிடி விபூதி போட்டேன்.

சண்முகம்: (நெஞ்சைப் பிடித்துக்கொண்டு) வருஷம்... வருஷத்தைப் பார்.

கௌரி: 1911.

சண்முகம்: அது அழுக்கில்லை, யானை! ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை. தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்ததால் முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். 1912இல் தும்பிக்கையைத் திருத்தி அச்சை மாற்றினார்கள். 1911 காசில் பெரும்பகுதியை உருக்கியே விட்டார்கள். இதற்காக ஆட்கள் தேடி அலைகிறார்கள்!

கௌரி: நான் தும்பிக்கையையா தேய்த்தேன்?

சண்முகம்: தனியாக ஒரு பிடி போட்டு.

கௌரி: (தயங்கி) நல்லவேளை, இன்னொன்றைத் தொடவில்லை. இந்தக் கறுப்பு?

சண்முகம்: 1918. கோடிக்கணக்கில் அடித்தது. என்னிடமே எட்டு இருக்கிறது.

கௌரி: முருகா! விபூதி இதில் முதலில் விழுந்திருக்கக் கூடாதா? அண்ணே, பளபளப்பைத் திரும்பக் கறுப்பாக்கினால் என்ன? முட்டை பட்டால் கொலுசு கறுத்துப்போகுமே.

சண்முகம்: அவித்த முட்டையோடு மூடிவைக்கிற வித்தை அவர்களுக்கும் தெரியும். கறுத்தாலும் கோடு போகாது. தானாகக் கறுக்க எத்தனையோ வருஷம் ஆகும்.

கௌரி: சரி, பெட்டியிலேயே திரும்பப் போடுகிறேன். என் பேத்தி எடுத்துக்கொள்ளட்டும். கூடவே ஒரு சீட்டும் எழுதிவைக்க வேண்டும்.

சண்முகம்: என்னவென்று?

கௌரி: அது பன்றி இல்லை என்று.