துக்க மணி அடிக்கவா தம்பி?

(ஞாயிற்றுக்கிழமை காலை, போனில். கோயில் என்றால் இங்கே தேவாலயம், ஐயர் என்றால் அதன் போதகர், கோயில்பிள்ளை என்றால் கோயிலைப் பார்த்துக்கொண்டு மணி அடிக்கிறவர்.)

தம்பி: அண்ணாச்சி, போய்விட்டது. பாதியிலேயே போய்விட்டது.

கோயில்பிள்ளை: ஐயோ! எப்போது?

தம்பி: போன ஞாயிற்றுக்கிழமை. ஐயர் பிரசங்கத்தில் மூன்றாவது பாயிண்டுக்கு வரும்போது ஒரு தடவை திணறியது. அப்புறம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

கோயில்பிள்ளை: தலைசுற்றல்தான். என் மச்சினனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. போன ஞாயிறு நடந்ததை இன்றைக்கா சொல்வது? ஒரு வாரமாக ஐஸ் பெட்டியிலேயா வைத்திருக்கிறீர்கள்? வெளிநாட்டிலிருந்து யாராவது வர வேண்டுமா?

தம்பி: எந்தப் பெட்டி?

கோயில்பிள்ளை: சரி, அதை விடு. நான் கயிற்றில் கை வைத்துவிட்டேன், துக்க மணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. வயது மட்டும் சொல்.

தம்பி: வயதா? கொரோனா நேரத்தில் ஆரம்பித்தது. ஐந்தாறு வயது இருக்கும்.

கோயில்பிள்ளை: குழந்தையா! ஆண்டவரே!

தம்பி: அண்ணாச்சி, நான் லைவைச் சொல்கிறேன். நம் கோயில் ஆராதனை யூடியூபில் வருமே, அந்த லைவ். இன்றைக்காவது கேமராவைச் சரிபார்த்து வையுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

கோயில்பிள்ளை: அப்படியானால் யாரும் சாகவில்லை.

தம்பி: யாரும் சாகவில்லை.

கோயில்பிள்ளை: உன் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் எத்தனை வீடு?

தம்பி: இரண்டு.

கோயில்பிள்ளை: அப்போது ஏதோ ஒன்று செத்துத்தான் போயிருக்கிறது தம்பி. எது என்றுதான் தெரியவில்லை.

தம்பி: அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு வாரம்கூட நான் ஆராதனையைத் தவறவிட்டது இல்லை. காணிக்கைகூட ஜிபே பண்ணிவிடுகிறேன். ஸ்க்ரீன்ஷாட் வேண்டுமா?

கோயில்பிள்ளை: 2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டினோம். அப்புறம் திறந்தோம், மறுபடி பூட்டினோம், மறுபடி திறந்தோம். கோயில் கதவு திறந்துவிட்டது, உன் வீட்டுக் கதவுதான் இன்னும் திறக்கவில்லை.

தம்பி: உங்களுக்கு என் கஷ்டம் தெரியாது அண்ணாச்சி. லைவ் அரை நிமிஷம் தாமதமாக வருகிறது. நீங்கள் அங்கே ஸ்பீக்கரில் போடுவது ஜன்னல் வழியாக முதலில் வந்துவிடுகிறது. வெளியே எல்லோரும் ஆமென் சொல்லி முடித்துவிடுகிறார்கள், என் போனில் ஐயர் அப்போதுதான் ‘ஜெபம் செய்வோமாக’ என்கிறார். நான் எந்த ஆமெனுக்குக் கண்ணைத் திறப்பது?

கோயில்பிள்ளை: ஜன்னலைச் சாத்திவிடு.

தம்பி: சாத்தினேன். வேர்க்கிறது.

(இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது கற்பனை இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் சாய்வு நாற்காலியில் லுங்கியோடு சாய்ந்துகொண்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பால்காரர் வந்ததும் ‘அரை லிட்டர் போதும், நேற்று தண்ணீராக இருந்தது’ என்று அவருடைய பாவத்தையும் அறிக்கை செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சரி, நாம் போனுக்குத் திரும்புவோம்.)

கோயில்பிள்ளை: முழங்கால்படியிடச் சொல்லும்போது என்ன செய்வாய்?

தம்பி: கவிழ்ந்து படுத்து முகத்தைத் தலையணையில் வைத்துக்கொள்வேன். பாதி முழங்கால் மாதிரிதான்.

கோயில்பிள்ளை: இரண்டு வீடு தாண்டி வருவதற்கு உனக்கு என்னதான் தடை?

தம்பி: போன வாரம் மழை.

கோயில்பிள்ளை: சிங்கம்.

தம்பி: என்ன?

கோயில்பிள்ளை: நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். ‘வழியிலே சிங்கம் இருக்கும், நடுவீதியிலே சிங்கம் இருக்கும் என்று சோம்பேறி சொல்லுவான்.’ உன் மழை அந்தச் சிங்கத்துக்குத் தம்பி முறை. அதற்கு முந்தின வாரம்?

தம்பி: வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு காணாமல் போய்விடுகிறது.

கோயில்பிள்ளை: இரண்டாவது சிங்கம்.

தம்பி: மூன்றாவது பெஞ்சுக்கு மேலே இருக்கிற ஃபேன் ஓடாது.

கோயில்பிள்ளை: அது கிழட்டுச் சிங்கம், வருஷக்கணக்காக அங்கேயேதான் படுத்திருக்கிறது. சபையை நடத்துகிற சேகர கமிட்டித் தேர்தல் அன்றைக்கு மட்டும் முதல் மணிக்கு முன்னாலேயே வாசலில் வந்து நின்றாயே, சிங்கம் எல்லாம் அன்றைக்கு லீவா? சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குத் தூக்குவாளியோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தாய். கறிச்சோற்றை லைவில் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொல்லவே இல்லையே.

தம்பி: அது ஐக்கியம் அண்ணாச்சி.

கோயில்பிள்ளை: தூக்குவாளி எதற்கு?

தம்பி: வீட்டில் இருப்பவர்களுக்கும் ஐக்கியம் வேண்டாமா?

கோயில்பிள்ளை: சரி, கோயிலை விடு. தனி ஜெபம் உண்டுதானே? காலை 4.45க்கு உன் ஸ்டேட்டஸில் வசனம் வந்துவிடுகிறது. அதைக் காட்டித்தான் என் மகனை நான் தினமும் ஏசுகிறேன். அந்த அண்ணனைப் பாருடா, கோழி கூவுவதற்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார், நீ கழுதை மாதிரிப் புரண்டுகொண்டிருக்கிறாய் என்று.

தம்பி: அது ஷெட்யூல் அண்ணாச்சி.

கோயில்பிள்ளை: நல்ல பழக்கம். மனுஷனுக்கு ஒரு ஷெட்யூல் வேண்டும்.

தம்பி: இல்லை, அதற்கு ஒரு ஆப் இருக்கிறது. முப்பது வசனத்தை மாதம் ஒரு தடவை ஏற்றிவிட்டால் அதுவே நேரத்துக்குப் போட்டுவிடும். நான் எழுந்திருக்க எட்டு ஆகும்.

கோயில்பிள்ளை: முந்தாநாள் ‘சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்’ என்று வந்ததே, அது?

தம்பி: அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

கோயில்பிள்ளை: எறும்பு உன் ஸ்டேட்டஸைப் பார்த்ததா?

தம்பி: நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒன்பது ஆமென். ஒரு ஆமென் ஐயருடையது.

கோயில்பிள்ளை: எத்தனை மணிக்குப் போட்டார்?

தம்பி: 4.45க்கே.

கோயில்பிள்ளை: ...சரி, அதற்குள் நாம் போக வேண்டாம்.

தம்பி: என்னைக் கடவுள் பயம் இல்லாதவன் மாதிரிப் பேசுகிறீர்கள். ஜனவரி முதல் தேதி, வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்த கையோடு, இந்த வருஷம் வேதத்தை முழுதாக வாசிப்பேன் என்று தீர்மானம் எடுத்தேன். மொத்தம் 1189 அதிகாரம். தினமும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன்.

கோயில்பிள்ளை: கணக்கு சரிதான். எது வரை வந்தாய்?

தம்பி: லேவியராகமம் பதின்மூன்று.

கோயில்பிள்ளை: குஷ்டரோக அதிகாரம். 59 வசனம். அப்படியானால் பிப்ரவரி முதல் வாரம்.

தம்பி: எப்படித் தேதியோடு சொல்கிறீர்கள்?

கோயில்பிள்ளை: ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள் தம்பி. ஆதியாகமத்தில் கதை இருக்கிறது, யாத்திராகமத்தில் செங்கடல் வரைக்கும் ஓட்டம் இருக்கிறது, அப்புறம் ஆசரிப்புக்கூடாரத்துக்குப் பலகை அளவு, திரைச்சீலை அளவு என்று வந்ததும் மூச்சு வாங்கும், லேவியராகமத்தில் ஆசாரியன் தோலில் தடிப்பு இருக்கிறதா வெள்ளை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான் என்றால் அவ்வளவுதான், ரிப்பனை அங்கேயே வைத்து மூடிவிடுவீர்கள். கோயில் அலமாரியில் யாராவது மறந்து விட்டுப் போகிற பைபிளை எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் வரைக்கும் கைபட்டு அழுக்காக இருக்கும், அதற்கு மேல் கடையில் வாங்கியபடி இருக்கும். இப்போது ஆகஸ்டு.

தம்பி: விட்டுவிடவில்லை அண்ணாச்சி, ஆடியோவுக்கு மாறிவிட்டேன். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கிறேன். விசுவாசம் கேள்வியினாலே வரும் என்று இருக்கிறதே. ஆதியாகமத்தில் கண் அசந்தால், எழுந்திருக்கும்போது இஸ்ரவேலர் செங்கடலைத் தாண்டியிருப்பார்கள்.

கோயில்பிள்ளை: அவர்கள் கால் நனையாமல் நடந்து தாண்டினார்கள். நீ போர்வை கலையாமல் தாண்டிவிட்டாய்.

தம்பி: தூக்கத்தை இவ்வளவு மட்டமாகப் பேசாதீர்கள். சங்கீதம் 127, ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்.’

கோயில்பிள்ளை: அந்த ஒரு வசனம் மட்டும் மனப்பாடம்.

தம்பி: ஐத்திகு என்று ஒரு வாலிபன் பவுல் பிரசங்கத்திலேயே தூங்கவில்லையா? அப்போஸ்தலர் 20.

கோயில்பிள்ளை: தூங்கினான். ஆனால் வந்து தூங்கினான் தம்பி! வந்து ஜன்னலில் உட்கார்ந்ததால்தான் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான், விழுந்ததால்தான் பவுல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவனை அணைத்துக்கொண்டார். நீ உன் கட்டிலிலிருந்து விழுந்தால் யார் வருவார்?

தம்பி: லைவ் ஓடுமே.

கோயில்பிள்ளை: ஓடும். சுற்றிக்கொண்டே ஓடும்.

தம்பி: ...

கோயில்பிள்ளை: ஒன்று கேட்கிறேன். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய கோயிலைப் பார்த்திருக்கிறாயா? 1847இல் ஆரம்பித்து 1880இல் முடித்தார். 33 வருஷம். தேரிக்காட்டு வெயிலில்.

தம்பி: போட்டோ பார்த்திருக்கிறேன். லைக் போட்டேன்.

கோயில்பிள்ளை: புண்ணியமாய்ப் போயிற்று, பாவம், அந்த லைக்குக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். நம் தெருமுனை ஆச்சியைத் தெரியும்தானே, எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது. காலை ஐந்து மணிக்கு ஜெப மணி அடித்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிடும். எழுத்துக் கூட்டத் தெரியாது, நல்ல சங்கீதம் நாலைந்து காதால் கேட்டுப் படித்து வைத்திருக்கிறது. அதற்கு ஆப் இல்லை, பிளான் இல்லை, ஸ்டேட்டஸ் இல்லை. சமைக்கிறபோதெல்லாம் காணிக்கைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறது, ரேஷன் அரிசியிலிருந்து. நாம் அதை ‘பாவம், தனியாக இருக்கிற கிழவி’ என்று ஜெபக் குறிப்பில் போடுகிறோம். அது நம்மை எந்தக் குறிப்பில் போட்டிருக்கிறதோ.

தம்பி: எனக்கும் ஆசைதான் அண்ணாச்சி. நிஜமாகவே சொல்கிறேன். ராத்திரி படுக்கும்போது அவ்வளவு ஆசை இருக்கிறது. காலையில் பார்த்தால் காணோம். ஒரு வழி சொல்லுங்கள்.

கோயில்பிள்ளை: இப்போது எங்கே இருக்கிறாய்?

தம்பி: படுத்திருக்கிறேன்.

கோயில்பிள்ளை: காலைத் தரையில் வை.

தம்பி: அப்புறம்?

கோயில்பிள்ளை: அப்புறத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் வை.

தம்பி: எவ்வளவு நேரம் ஜெபிப்பது, எந்த சங்கீதத்திலிருந்து ஆரம்பிப்பது, அதற்கு நல்ல புத்தகம் ஏதாவது...

கோயில்பிள்ளை: கால்.

தம்பி: தரை சில்லென்று இருக்கிறது.

கோயில்பிள்ளை: தரையிலும் சிங்கம்.

தம்பி: சரி, வைத்துவிட்டேன். இரண்டு காலையும். உட்கார்ந்திருக்கிறேன். நிஜமாக. எட்டரை ஆராதனைக்கு நேரிலேயே வந்துவிடுகிறேன், போதுமா? போன் இல்லாமல் வருகிறேன்.

கோயில்பிள்ளை: வா. உன் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் எடுத்து வைத்தவன் நான், உரிமையில்தான் ஏசுகிறேன். முப்பத்தைந்து வருஷம் இந்த மணிக்கயிற்றைப் பிடித்த கை. மழை, புயல், காய்ச்சல் எதுவும் பார்த்தது இல்லை.

தம்பி: முதல் மணி அடிக்கிறது அண்ணாச்சி, ஜன்னல் வழியாகக் கேட்கிறது.

கோயில்பிள்ளை: ஆமா, ஏழரை. எழுந்து குளி.

தம்பி: ஒரு நிமிஷம். நீங்கள் என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோயில்பிள்ளை: ஆமா.

தம்பி: அப்போது மணி அடிப்பது யார்?

கோயில்பிள்ளை: ...

தம்பி: அண்ணாச்சி?

கோயில்பிள்ளை: பெரிய வெள்ளிக்கு முன்னால் கமிட்டியில் மோட்டார் வைத்துக் கொடுத்தார்கள் தம்பி. நேரத்தைப் போட்டு வைத்தால் அதுவே அடித்துவிடும். தோள்பட்டை வலிக்கிறது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். துக்க மணிக்கு மட்டும்தான் இப்போது கயிறு. விட்டுவிட்டு அடிக்க அதற்குத் தெரியாது.

தம்பி: காலை ஐந்து மணி ஜெப மணி?

கோயில்பிள்ளை: அதுவும் மோட்டார்தான்.

தம்பி: அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? கோயில் கதவை யார் திறப்பது?

கோயில்பிள்ளை: ஆச்சியிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி: அண்ணாச்சி, மணிக்கூண்டிலே...

கோயில்பிள்ளை: தெரியும். சிங்கம். போனை வை.