அரையிறுதி வரை போனாலும் கையில் பூஜ்யம்

‘மொத்தப் பரிசு 2 லட்சம்!’ என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் பூல் (மேஜைமேல் இருக்கும் பந்துகளைக் குச்சியால் தட்டி ஓரத்துப் பைகளில் விழவைக்கும் ஆட்டம்) டோர்னமென்ட் போஸ்டர்களைப் பார்த்தாலே இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த 2 லட்சத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் ‘என்ட்ரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து’ என்று எழுதியிருப்பார்கள். அதாவது எந்தப் புண்ணியவானும் ஸ்பான்சர் செய்யவில்லை. நாம் கட்டுகிற பணத்தைத்தான் நமக்கே பரிசு என்று காட்டுகிறார்கள். அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு.

நான் மதுரைக்காரன். பெங்களூரில் ஒரு கிளப்பில் நைன்-பால் டோர்னமென்ட். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள், ஒன்பதாம் பந்தைப் போடுபவர் வெல்லும் பூல் வகை அது. என்ட்ரி 2,500 ரூபாய், 64 பேர். வசூல் 1,60,000. முதல் பரிசு 50,000, இரண்டாவது 25,000, அரையிறுதியில் தோற்ற இருவருக்கு ஆளுக்கு 10,000, அதற்கு அடுத்த நால்வருக்கு ஆளுக்கு 4,000. கூட்டிப் பாருங்கள், 1,11,000 வருகிறது. மிச்சம் 49,000 எங்கே என்று கேட்டால் ‘டேபிள் சார்ஜ், ரெஃபரி, கிளப் செலவு’ என்கிறார்கள். சரி, கிளப் நடத்துபவரும் வாடகை கட்ட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் எதற்கு போஸ்டரில் அந்த 2 லட்சம்?

என் பக்கத்துக் கணக்கைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ், ஞாயிறு ராத்திரி திரும்பி வர இன்னொரு பஸ். வார இறுதி என்றால் டிக்கெட் விலை எப்படி ஏறும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் சேர்த்து 3,000. இரண்டு நாள் ரூம் 3,000. சாப்பாடு, ஆட்டோ என்று 1,500. என்ட்ரியும் சேர்த்தால் 10,000. அதாவது 64 பேரில் கடைசி நால்வரில் ஒருவனாக வந்தால்தான் போட்ட காசு திரும்பும். லாபம் இல்லை, வெறும் பூஜ்யம். ஐந்திலிருந்து எட்டாம் இடம் வரை வந்தவனுக்கு மேடையில் ஏற்றி 4,000 கொடுத்து ஃபோட்டோ எடுப்பார்கள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டே 6,000 நஷ்டத்தோடு பஸ் ஏறுவான்.

உள்ளூர்க்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவருக்கு என்ட்ரி மட்டும்தான் செலவு. அதே எட்டாம் இடத்தில் அவர் 1,500 லாபம் பார்ப்பார். மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்குவார். தினமும் ஆடுகிற டேபிள் வேறு. எந்தப் பை இறுக்கம், எந்தக் குஷன் பந்தைத் துள்ளவிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நமக்கு அது தெரிய வேண்டுமென்றால் மணிக்கணக்குக்குக் காசு கட்டி பிராக்டிஸ் பண்ண வேண்டும். ஆக, வெளியூரிலிருந்து வருகிற நாங்கள்தான் உள்ளூர்க்காரர்களின் பரிசுக்குப் படியளக்கிறோம். எங்கள் என்ட்ரி இல்லையென்றால் அந்தப் பரிசுத் தொகை பாதியாகச் சுருங்கிவிடும்.

ஆடுகிற லட்சணத்தையும் சொல்கிறேன். முதலில் ஐந்து ரேக் (ஒரு முறை பந்துகளை அடுக்கி ஆடும் ஆட்டம்) எடுப்பவர் வெற்றி, ஒரு ரேக்கை ஜெயித்தவருக்கே அடுத்த பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி. எதிராளி பிரேக்கில் ஒரு பந்து விழுந்து, அப்புறம் ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகத் தட்டி ஒன்பதைப் போட்டுவிட்டால், அடுத்த பிரேக்கும் அவருக்குத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து க்யூ குச்சியின் நுனிக்கு சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததுதான் மிச்சம். 450 கிலோமீட்டர் போய் முதல் மேட்ச்சில் நான் டேபிளைத் தொட்ட நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இருக்காது. அதுகூடப் போகட்டும், அது விளையாட்டு. முதலில் ஒன்பது ரேக் எடுப்பவர் வெற்றி என்றாவது வைத்திருந்தால் வந்த தூரத்துக்கு ஆடினோம் என்றாவது இருக்கும்.

எரிச்சலின் உச்சம் டிரா, அதாவது யார் யாரோடு எப்போது ஆட வேண்டும் என்ற பட்டியல். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்பதால் யார் எப்போது ஆடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலை 10 மணிக்கு வரச் சொல்லி, முந்தின நாள் நள்ளிரவில் டிராவை அனுப்புகிறார்கள். பார்த்தால் என் மேட்ச் மாலை 6 மணிக்கு. அதில் தோற்றால், ஒரு முறை தோற்றவர்களுக்கான அடுத்த மேட்ச் ராத்திரி 1 மணிக்கு. திரும்பும் டிக்கெட்டை எந்த நம்பிக்கையில் போடுவது? முன்கூட்டிப் போட்டால் கேன்சல் செய்து காசு போகும். போடாமல் விட்டால் கடைசி நேரத்தில் இரண்டு மடங்கு.

ரயிலில் போகலாமே என்பவர்களுக்கு: விளையாட்டு வீரர்களுக்கு மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போக ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெயரைச் சொல்லி நிறுத்தினார்கள், அதோடு சரி. கிளப் போட்டிக்கு அது அப்போதும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

தப்பித் தவறி இரண்டாம் பரிசு வாங்கினாலும் நிம்மதி இல்லை. பரிசு 10,000-ஐத் தாண்டினால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவோம் என்கிறார்கள். 25,000-இல் 7,500 போச்சு. விளையாட்டில் வென்ற பணம் என்று அந்தக் கணக்கில் எழுதிவிட்டால் பஸ், ரூம் செலவைக் கழிக்கவும் வழியில்லை.

இதையெல்லாம் குரூப்பில் கேட்டால் ஒரு அண்ணன் உடனே வருவார். ‘பணத்துக்காகவா தம்பி ஆடுகிறாய்? அனுபவம்!’ என்பார். அண்ணனுக்குக் கிளப்புக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. இன்னொருவர் 2024-இல் சவூதியின் ஜெட்டாவில் நடந்த உலக பூல் சாம்பியன்ஷிப்பைக் காட்டுவார். மொத்தம் 10 லட்சம் டாலர், ஜெயித்தவருக்கு இரண்டரை லட்சம் டாலர், நீயும் ஒருநாள் அங்கே போகலாம் என்று. அங்கே காசு போட்டது சவூதிக்காரர்கள். இங்கே போட்டது நான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு என்ட்ரியில் 1,000 குறையுங்கள், அல்லது கிளப் செலவில் ஒரு டார்மிட்டரி பிடித்துக் கொடுங்கள். டிராவை மூன்று நாள் முன்னால் வெளியிடுங்கள். எட்டாவது இடத்துக்கு எவ்வளவு, கிளப்புக்கு எவ்வளவு என்று போஸ்டரிலேயே பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். அப்புறம் ஜிபே நம்பரைப் போடுங்கள்.